துணைத் தேர்வு எழுதாமல் போன வருஷம்

பிளஸ் டூ முடிவு வந்த அன்று, என் மகள் தோற்றது எனக்கு முன்பே ஊருக்குத் தெரிந்திருந்தது. ரப்பர் தோட்டத்தில் பால் எடுத்து ஊற்றிவிட்டு, விரலில் ஒட்டிக் காய்ந்ததை உரித்துக்கொண்டே வந்த என்னைச் சாயாக்கடையில் ஒருவர் நிறுத்தி, "ஒரு பாடந்தானே போச்சு, விடுடே" என்றார். எதை விடச் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. சிரித்துவிட்டு நடந்தேன். யார் என்ன சொன்னாலும் சிரித்துவிட்டு நடப்பது என் வழக்கம். வீட்டு முற்றத்தில் அக்காவின் செருப்பும் அத்தானின் செருப்பும் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது.

முடிவு அத்தானின் கைபேசிக்கு வந்திருந்தது. என் வீட்டில் எல்லாமே அப்படித்தான். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, கேஸ், வங்கி என்று எங்கே எண் கேட்டாலும் அத்தானின் எண்ணைத்தான் கொடுப்போம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நிதானமாக வாசிப்பேன், எழுதவும் செய்வேன். மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து தலையைத் தூக்கி "என்ன வேணும்?" என்று கேட்டால்தான் எனக்குப் பேச்சு வராது. அத்தான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த வாசலிலும் தயங்காமல் நுழைவார். என் மனைவி குவைத்துக்குப் போனபோது பாஸ்போர்ட்டுக்கும் மற்றதுக்கும் அலைந்தவர் அவர்தான். எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பத்தில் படித்தவர் ஒருவர் இருந்தால் அவருடைய எண்தான் மொத்தக் குடும்பத்துக்கும் எண். அதை யாரும் குறைச்சலாக நினைப்பதில்லை. அவருக்குக் கொடுக்கிற மரியாதை என்றே நினைப்போம்.

மகள் உள் அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இயற்பியலில் போய்விட்டது. மற்ற எல்லாப் பாடத்திலும் நல்ல மதிப்பெண். பக்கத்தில் அக்கா உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. அம்மை இறந்தபின் எனக்குச் சோறு போட்டு வளர்த்தவள் அவள். என் கல்யாணத்தைப் பேசி முடித்தவளும் அவள்தான். மனைவி வெளிநாடு போன பிறகு என் மகளுக்குத் தலைவாரி விட்டவளும் அவள்தான்.

அடுத்த சில நாட்கள் எல்லோருக்கும் என் மகளைப் பற்றி ஒரு யோசனை இருந்தது. தோற்ற பிள்ளையின் தகப்பனிடம் யாரும் எதையும் சொல்லலாம் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷினில் கூட வேலை செய்கிறவர், மார்த்தாண்டத்தில் ஒரு டுடோரியல் இருப்பதாகவும் அங்கே சேர்த்தால் கல்லும் பாஸாகும் என்றும் சொன்னார். பால் சொசைட்டியில் ஒரு பெண், அழகுக் கலை படிக்க வைக்கச் சொன்னாள். விடைத்தாளின் நகலை வாங்கி மறுமதிப்பீட்டுக்குப் போடச் சொன்னான் தோட்ட முதலாளியின் மகன். எங்கள் சர்ச் சபையில் ஒரு பெரியவர், ஆஸ்பத்திரி உதவியாளர் வேலைக்குப் பயிற்சி கொடுக்கிற இடத்தைச் சொல்லிவிட்டு, போகிற போக்கில் "இல்லேன்னா கெட்டிக் குடுத்திரு" என்றும் சேர்த்துக்கொண்டார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

குவைத்திலிருந்து மனைவி பேசியபோது அவளுக்கு ஒரே யோசனைதான். திரும்ப எழுத வேண்டும். அவள் முன்பு அண்டி ஆபீசில் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தவள். இப்போது ஒரு வீட்டில் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்க வைக்கிறாள். தன் மகள் நர்ஸ் ஆகவேண்டும் என்பதைத் தவிர அவள் என்னிடம் எதையும் பெரிதாகக் கேட்டதில்லை. "எனக்க பிள்ளை இன்னொருத்திக்க பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நிக்கக்கூடாது, கேட்டீங்களா?" என்று போகும்போதே சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினாள்.

எழுத வழி இருந்தது. அத்தான்தான் விளக்கினார். ஒன்றிரண்டு பாடத்தில் தோற்றவர்களுக்கு உடனே ஒரு துணைத் தேர்வு வைப்பார்கள். பள்ளிக்கூடம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். அதில் தேறினால் அந்த வருஷமே கல்லூரியில் சேர்ந்துவிடலாம், ஒரு நாளும் வீணாகாது. "நீ அதப் பத்தி வெசாரப்படாண்டாம். நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அவர் அப்படிச் சொல்லி நடக்காமல் போன காரியம் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. நான் வேலைக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமைதோறும் மனைவி பேசுவாள். மகளிடம் ஒரு நல்ல கைபேசி இருந்தது, அவள் அம்மை வாங்கி அனுப்பியது. பரீட்சை நேரத்தில் அதை அக்கா வாங்கி வைத்திருந்தாள், படிப்பு கெட்டுப்போகும் என்று. தோற்ற பிறகு அதைத் திருப்பிக் கேட்க மகளுக்குத் துணிவு வரவில்லை. என்னிடம் இருந்தது பொத்தான் வைத்த சின்ன போன். அதனால் வெள்ளிக்கிழமை நாங்கள் இருவரும் அக்கா வீட்டுக்குப் போய், அங்கே உட்கார்ந்து, அக்காவும் அத்தானும் பக்கத்தில் இருக்க, குவைத்தோடு பேசினோம். பரீட்சைக்குப் பணம் கட்டியாயிற்றா என்று மனைவி கேட்பாள். மகள் என்னைப் பார்ப்பாள். நான் அக்காவைப் பார்ப்பேன். "எல்லாம் ஏற்பாடு ஆயாச்சு, நீ அங்க நிம்மதியா இரி" என்று அக்கா சொல்வாள். மகள் தலையைக் குனிந்துகொள்வாள். அவள் ஏன் அப்படிப் பார்த்தாள் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. தோற்ற வெட்கம் என்று நினைத்தேன்.

வீட்டில் அவள் புத்தகத்தைத் தொடவே இல்லை. இயற்பியல் புத்தகம் அலமாரியில் அடியில் கிடந்தது. ஒரு நாள் பொறுக்காமல் அக்காவிடம் போய்ச் சொன்னேன், பிள்ளை படிக்கவில்லையே என்று. அக்கா என்னைத் தனியாக அழைத்துப் போனாள்.

"அவகிட்ட ஒண்ணும் கேக்காதே. பேப்பர்ல வாசிக்கல்லியா, தோத்த பிள்ளையள் என்னெல்லாம் செய்யிதுன்னு? எங்கிட்ட பறஞ்சா, இனி எழுதவே மாட்டேன்னு. கொஞ்ச நாள் விடு. நான் மெல்லச் சொல்லிச் சரியாக்குதேன்."

அதன்பிறகு நான் மகளிடம் பரீட்சை என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. அவள் கிணற்றடிக்குப் போனால்கூடத் திரும்பி வரும்வரை பார்த்துக்கொண்டு நிற்பேன். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்பேன். அவளும் சாப்பிட்டேன் என்பாள். நாங்கள் இருவருமே பேச்சு குறைந்தவர்கள். அந்த நாட்களில் வீட்டுக்குள் காற்று புகுந்து போகிற சத்தம்கூடக் கேட்கும்.

மழை பிடித்துக்கொண்டது. மழையில் பால் வெட்டு கிடையாது. நான் வீட்டில் சும்மா இருந்த வாரத்தில்தான் அக்கா வீட்டில் ஜெபக்கூட்டம் வந்தது.

எங்கள் பகுதி வீடுகளில் முறைவைத்து ஜெபக்கூட்டம் நடக்கும். மாலையில் பாய் விரித்து உட்கார்ந்து, பாட்டுப் பாடி, வேதம் வாசித்து, பிறகு ஒவ்வொருவராக வாய்விட்டு ஜெபம் பண்ணுவார்கள். எல்லோரும் கண்ணை மூடியிருக்க வேண்டும். ஒருவர் ஜெபம் பண்ணும்போது மற்றவர் குறுக்கே பேசக்கூடாது. ஜெபம் முடிந்ததும் எல்லோரும் ஆமென் சொல்ல வேண்டும். நேரில் சொல்ல முடியாததை ஜெபத்தில் சொல்வது எங்கள் ஊரில் சாதாரணம். மருமகள் அடுத்த பாயில் இருக்கும்போதே மாமியார், "எங்கள் வீட்டில் இருக்கும் கடின இருதயத்தை மாற்றும்" என்பாள். மருமகளும் ஆமென் சொல்லித்தான் ஆகவேண்டும். ஒரு முறை ஒருவர் பக்கத்து வீட்டுக்காரர் எல்லைக்கல்லை நகர்த்தியதை ஜெபத்தில் போட்டு, அவர் பெயரைச் சொல்லாமல் அவர் வைத்திருக்கும் பைக்கின் நிறத்தைச் சொன்னார். நான் ஒருநாளும் வாய்விட்டு ஜெபம் பண்ணியதில்லை. என் முறை வந்தால் எனக்கு அடுத்து இருப்பவர் தாமாகவே தொடங்கிவிடுவார். ஆமென் சொல்வது மட்டும்தான் என் பங்கு.

அன்று வீடு நிறையக் கூட்டம். மகள் பெண்கள் பக்கத்தில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். கடைசியாக வீட்டுக்காரி என்ற முறையில் அக்கா ஜெபித்தாள். நன்றாக ஜெபிப்பாள். நோயாளிகளுக்காக, விதவைகளுக்காக, வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக என்று வந்து, என் மனைவியையும் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அன்பின் பிதாவே, எங்கள் வீட்டுப் பிள்ளை பரீட்சையிலே தவறினபோது நாங்கள் கலங்கினோம். அதிலும் உம்முடைய சித்தம் இருந்ததை இப்போது காண்கிறோம். மறுபடி எழுதுகிற நாட்கள் கடந்துபோகும்படி நீரே செய்தீர். பெங்களூரிலே கைக்குழந்தையோடு தனியே கஷ்டப்படுகிற என் மகளுக்குத் துணையாக இவளை ஆயத்தப்படுத்தினீர். வருகிற வாரம் நாங்கள் போகிற பிரயாணத்தை ஆசீர்வதியும். என் தம்பிக்கு இதை ஏற்றுக்கொள்கிற நல்ல மனதைக் கொடும்."

நான் கண்ணைத் திறந்தேன். எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். அக்காவின் முகம் நனைந்திருந்தது. மெய்யாகவே அழுதிருந்தாள். அத்தான் கைகளைக் கோத்து, தலையைக் கவிழ்த்து அசையாமல் இருந்தார். அந்தப் பக்கம் என் மகளும் கண்ணைத் திறந்திருந்தாள். அவள் அக்காவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா முடித்தாள். எல்லோரும் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன். வாய் பழகிப்போயிருந்தது.

பிறகு சாயாவும் ஏத்தன்பழ பஜ்ஜியும் வந்தன. என்னையும் மகளையும் சுற்றி ஆட்கள் கூடினார்கள். நல்ல காரியம் என்றார்கள். சொந்தத்தில் போய் இருப்பது எவ்வளவு பாதுகாப்பு என்றார்கள். முன்பு பெங்களூரில் வேலை பார்த்த ஒருவர், "அங்க குளிரு கூடுதல், சொட்டரு எடுத்துக்க மக்கா" என்று என் மகளிடம் சொன்னார். அவள் சரி என்று தலையாட்டினாள். இவ்வளவு பேர் முன்னால், கடவுளுக்கே நன்றி சொல்லி முடித்த பிறகு, நான் எழுந்து நின்று அது அப்படியில்லை என்று எப்படிச் சொல்வது? என்னால் அது முடியாது என்பது அக்காவுக்குத் தெரியும். என்னை வளர்த்தவளுக்கு இது தெரியாதா? அந்த ஜெபம் வாய் தவறி வந்ததல்ல. அவள் எனக்குச் செய்தி சொன்னதே அப்படித்தான்.

கூட்டம் போகும்வரை காத்திருந்தேன். பிறகு அடுக்களைக்குப் போனேன். அக்கா தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். அத்தான் வாசற்படியில் சாய்ந்து நின்றார்.

"நாள் கடந்துபோச்சா அக்கா?" என்று கேட்டேன்.

"போச்சுடே. இனி அதப் பத்திப் பறஞ்சு என்ன ஆவப்போவுது?"

"ஏற்பாடு ஆயாச்சுன்னு நீதானே சொன்னே?"

அக்கா தம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். அத்தான்தான் பேசினார். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்தவர் அவர். ஒரு தடவை தோற்றவர்கள் துணைத் தேர்விலும் தோற்பார்கள், அப்போது அவமானம் இரண்டு மடங்கு என்றார். பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டபோது தகப்பனுக்கு விருப்பமில்லை என்று அவரே சொல்லிவிட்டாராம். எனக்கு நல்லது என்று நினைத்துத்தான். இரண்டு வருஷம் பிள்ளை அங்கே இருக்கட்டும், நாலு இடம் பார்த்த மாதிரியும் ஆகும், பிறகு வேண்டுமானால் படிக்கட்டும் என்றார். அவர் மகளுக்கு வீட்டிலிருந்து பார்க்கிற வேலை முடிந்து, ஆபீசுக்குப் போகவேண்டிய நாள் நெருங்கிவிட்டது. வெளியாட்களை நம்பிக் குழந்தையை விட முடியாது. இதையெல்லாம் அவர் ஒளிக்காமல், நான் புரிந்துகொள்ளவேண்டிய நியாயம் போலச் சொன்னார்.

"அவளுக்க அம்மைகிட்ட நான் என்னத்தச் சொல்ல?" என்றேன்.

அக்கா திரும்பினாள். "அவ அங்க என்ன, கலெக்டர் வேலையா பாக்கா? அதே சோலிதானே. அரபிக்க பிள்ளையத் தூக்கதுக்குப் பதிலா நம்ம பிள்ளையத் தூக்குதா. இதுல என்ன கொறஞ்சுபோச்சு ஒனக்கு?"

என்னை யாரும் அடித்ததில்லை. சிறு வயதில் அக்காகூட அடித்ததில்லை. அன்று அவள் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். நான் வெளியே வந்தேன். மகளைக் கூப்பிட்டேன். அவள் குடையை விரித்தாள்.

ஓடைப் பாலத்துக்கு வந்தபோது நான் கேட்டேன்.

"எழுதமாட்டேன்னு நீ ஏன் மக்கா சொன்னே?"

அவள் நின்றாள். "நான் எப்பச் சொன்னேன்?"

"அத்தைகிட்ட."

"நீங்கதான் சொன்னீங்க. படிச்சது போதும், பெங்களூருக்கு அனுப்புங்கன்னு அப்பா சொல்லியாச்சு, அப்பாகிட்ட இதப் பத்திக் கேக்காத, அவனுக்கு பிரஷர் இருக்குன்னு அத்தை சொன்னாவ." பிறகு சொன்னாள்: "அம்மா போன்ல கேக்கும்போ நீங்க ஒண்ணும் சொல்லாம இருந்தீங்க. அதனால நம்பினேன்."

அவளுக்கு என் பேரைச் சொல்லி ஒரு பொய். எனக்கு அவள் பேரைச் சொல்லி ஒரு பொய். ஒரே வீட்டில், ஒரே சோற்றைத் தின்றுகொண்டு, ஒருவர் மனம் நோகக்கூடாது என்று இருவரும் வாயை மூடி இருந்திருக்கிறோம். நாங்கள் அப்படித்தான் இருப்போம் என்று அக்காவுக்குத் தெரியும். எனக்கு அதுதான் இன்றுவரை ஆறவில்லை. வெளியாள் ஒருவர் ஏமாற்றினால் நம் அறியாமையை வைத்து ஏமாற்றுவார். இவள் எங்கள் பாசத்தை அளந்து பார்த்து, அது எங்கே பேசாமல் நிற்கும் என்று கணித்து, அந்த இடத்தில் கை வைத்திருக்கிறாள்.

"நான் அப்படிச் சொல்லல்ல" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நம்பினாளா என்று எனக்குத் தெரியவில்லை. "நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போவோம்" என்றேன். அதற்கு மட்டும் சரி என்றாள்.

மறுநாள் போனோம். தலைமை ஆசிரியையின் அறை வாசலில் என் கால் வழக்கம்போல நின்றுவிட்டது. மகள் எனக்கு முன்னால் உள்ளே போனாள். அந்த அம்மா எங்களைப் பார்த்ததும் கோபப்பட்டார். தோற்ற பிள்ளைகளுக்கென்று தனி வகுப்பு வைத்தார்களாம். ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து வரவழைத்தார்களாம். எங்கள் எண்ணுக்குப் பலமுறை அழைத்தும் அனுப்ப மாட்டோம் என்றே பதில் வந்ததாம். "படிக்கிற பிள்ளையை வீட்டில் பிடித்து வைத்துவிட்டு இப்போது எதற்கு வந்தீர்கள்?" என்று என்னைக் கேட்டார். நான் சொல்ல நினைத்தேன். அது எங்கள் எண் இல்லை என்று சொன்னால், பிறகு யாருடையது, ஏன் கொடுத்தீர்கள், அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று எல்லாவற்றையும் சொல்லவேண்டும். அக்காவின் பெயரை ஒரு அலுவலகத்தில் வைத்துக் கெடுக்க என் நாக்கு எழவில்லை. நின்றுகொண்டிருந்தேன். மகள்தான் சொன்னாள், எங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று. அவ்வளவு மட்டும் சொன்னாள்.

அந்த அம்மாவின் குரல் மாறியது. எங்களை உட்காரச் சொன்னார். துணைத் தேர்வுக்கு இனி வழியில்லை, தாமதமானவர்களுக்குக் கூடுதல் கட்டணத்தோடு கொடுத்த நாளும் முடிந்துவிட்டது என்றார். பிறகு மிச்சம் இருப்பதை ஒவ்வொன்றாகச் சொன்னார். பத்தாம் வகுப்பு மதிப்பெண் இருக்கிறது, அதை வைத்து பாலிடெக்னிக்கில் இடம் இருந்தால் சேரலாம். ஐ.டி.ஐ.யில் தொழில் படிக்கலாம். திறந்தநிலைப் பள்ளி என்று ஒன்று இருக்கிறது. இல்லையென்றால் வருகிற மார்ச்சில் தனித்தேர்வராக அந்த ஒரு பாடத்தை மட்டும் எழுதலாம், மற்ற பாடங்களை மீண்டும் எழுத வேண்டாம். ஆனால் ஒரு வருஷம் போகும். கூடப் படித்தவர்கள் முன்னால் போய்விடுவார்கள். வீட்டில் தனியாக இருந்து படிக்கிறது லேசு அல்ல, பாதிப் பேர் இடையில் விட்டுவிடுவார்கள் என்றும் மறைக்காமல் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக் கேட்டார்.

"உனக்கு என்ன வேணும்மா?"

"நர்சிங் போகணும் டீச்சர். மார்ச்சில எழுதுதேன்."

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. எத்தனை நாளாக அந்தப் பதிலை வாயில் வைத்துக்கொண்டிருந்தாளோ. எண் கேட்டபோது நான் என்னுடைய பொத்தான் போனின் எண்ணைச் சொல்லத் தொடங்கினேன். அவள் இடைமறித்துத் தன்னுடைய எண்ணைச் சொன்னாள். திரும்பும் வழியில் என்னை வெளியில் நிற்கச் சொல்லிவிட்டு அத்தை வீட்டுக்குள் போய், கைபேசியைக் கையில் வாங்கிக்கொண்டு வந்தாள். உள்ளே என்ன பேச்சு நடந்தது என்று இதுவரை சொன்னதில்லை.

அக்காவும் அத்தானும் அடுத்த வாரம் பெங்களூர் போனார்கள். அக்கா அங்கேயே தங்கிக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவேண்டி வந்தது. அதற்கும் பழி என் தலையில்தான். ஜெபத்தில் ஆமென் சொல்லிவிட்டு மறுநாள் பேச்சு மாறியவன் என்று பேர் வந்தது. முதுகுக்குப் பின்னால் ஒருவன் என்னை 'ஆமென்காரன்' என்று சொல்வதும் காதில் விழுந்தது. குவைத்துக்கு மகளே பேசினாள். எல்லாவற்றையும் சொன்னாள் என்று நினைக்கிறேன். அந்த வெள்ளிக்கிழமை மனைவி என்னிடம், "உங்களுக்க அக்காதானே, உங்களுக்குத் தெரியாமலா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். அவள் பிள்ளையின் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாள். அதற்கு மேல் அவள் ஒருநாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த வருஷம் மகள் படித்த படிப்பை நான் பார்த்தேன். கூடப் படித்த பிள்ளைகள் கல்லூரிப் பேருந்துக்கு நிற்கும் நேரத்தில் வெளியே வரமாட்டாள். அவர்கள் போன பிறகுதான் முற்றம் பெருக்குவாள். மாலையில் தக்கலையில் ஒரு ஆசிரியரிடம் டியூஷனுக்குப் போய் வந்தாள். விண்ணப்பம், தேர்வு மையம், நுழைவுச் சீட்டு எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொண்டாள். நான் கூட வருகிறேன் என்று சொன்னபோதெல்லாம் "வேண்டாம்ப்பா, நான் போய்க்கிடுவேன்" என்றாள். மரியாதையாகத்தான் சொல்வாள். முன்பு எதற்கும் என்னைத் தேடுகிற பிள்ளை அவள்.

பரீட்சை அன்று மட்டும் நானும் போனேன். மையம் பத்மநாபபுரம் போகிற வழியில் இருந்தது. அரண்மனை பார்க்க வந்த ஒரு வேன்காரர் வழி கேட்டார், கையைக் காட்டினேன். உள்ளே போனவர்களில் பல வயதுக்காரர்களும் இருந்தார்கள். தாடி வைத்த ஒருவர், வயிற்றில் பிள்ளையோடு ஒரு பெண், கடைச் சீருடையோடு அவசரமாக ஓடிவந்த ஒரு பையன். எல்லோருக்கும் எங்கோ ஒரு வருஷம் போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மகள் வெளியே வந்தபோது எப்படி இருந்தது என்று கேட்டேன். எழுதியிருக்கேன் என்றாள்.

தேறினாள். நல்ல மதிப்பெண். நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் நர்சிங் இடமும் கிடைத்தது. செய்தி பரவிய சில நாட்களில் அக்கா பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். சபை முற்றத்தில் பெண்களிடம் பேசிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டும் குரலைக் குறைக்கவில்லை.

"அன்னைக்கே தோத்த சூட்டுல எழுத விட்டிருந்தா இன்னொருக்கத் தோத்துருப்பா. ஒரு வருசம் நிக்கட்டும்னு நான்தான் சொன்னேன். நின்னு படிச்சா, தேறிட்டா" என்றாள். பெண்கள் ஆமா ஆமா என்றார்கள். ஒருத்தி என்னிடமே திரும்பி, இப்படி ஒரு அக்கா கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றாள்.

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். நடிப்புச் சிரிப்பு அல்ல. அவள் அதை நம்பத் தொடங்கியிருந்தாள். செய்தது மறந்து போய், செய்ததாகச் சொல்வது மட்டும் மிச்சமாகிவிட்டது. இனி நான் யாரிடம் போய் எதைச் சொன்னாலும் அக்கா சொல்வதுதான் நிற்கும். இவ்வளவு நாளும், என்றாவது அவள் வந்து, தெரியாமல் செய்துவிட்டேன்டே என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று நான் காத்திருந்திருக்கிறேன். அது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

மகள் விடுதிக்குப் போகிற நாள் வந்தது. எங்கள் பக்கத்தில் வெளியூர் போகிறவர்கள் மூத்தவர்கள் வீட்டுக்குப் போய் முகம் காட்டிவிட்டு, ஒரு சின்ன ஜெபம் பண்ணிக்கொண்டுதான் புறப்படுவார்கள். பைகளைக் கட்டி முடித்துவிட்டு மகள் என்னிடம் வந்து நின்றாள்.

"அத்தை வீட்டுக்குப் போய்ச் சொல்லணுமாப்பா?"

நான் என்ன சொல்வேன் என்று அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அது அவள் முகத்தில் இருந்தது. நான் எப்போதும்போல, போய்ச் சொல்லிட்டு வா மக்கா, பெரியவங்கதானே என்று சொல்லக்கூடும் என்றுதான் எதிர்பார்த்தாள்.

"வேண்டாம்" என்றேன்.

பெரிய பையை நான் எடுத்துக்கொண்டேன். பேருந்து நிறுத்தத்துக்கு அக்கா வீட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். அக்கா வாசலில் நின்றிருந்தாள். எங்களைப் பார்த்ததும் உள்ளே திரும்பி அத்தானைக் கூப்பிட்டாள், நாங்கள் உள்ளே வரப்போகிறோம் என்று. நாங்கள் நிற்காமல் நடந்தோம். "என்னடே, பிள்ளையக் கூட்டிட்டு இப்படிப் போறே?" என்று அக்காவின் குரல் பின்னால் கேட்டது. நான் திரும்பவில்லை. மகள் ஒரு முறை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, தூக்கிக்கொண்டிருந்த சின்னப் பையைத் தோள் மாற்றிக்கொண்டு என் பக்கத்தில் நடந்து வந்தாள்.